திறக்கும்போதே மூடிக்கொண்ட கணக்கேடு



2024ஆம் ஆண்டு ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39 மணிக்குக் கிரவுட்ஸ்டிரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், தன் மென்பொருளுக்கான சிறு கோப்பு ஒன்றை உலகெங்கும் அனுப்பியது. 21 விவரங்களை எதிர்பார்த்த நிரலுக்கு 20 மட்டுமே கிடைத்தன. இல்லாத ஒன்றைத் தேடிய நிரல் நிலைகுலைந்தது. அதனுடன் விண்டோஸும் நின்றுபோனது. கணினி தொடங்கும்போதே அந்தக் கோப்பு படிக்கப்பட்டதால், அணைத்துப் போட்டாலும் மீண்டும் நீலத்திரையே வந்தது. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டும், சுமார் 85 இலட்சம் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

இத்தனை பெரிய இடருக்கு மருந்து என்ன தெரியுமா? கணினியை 'சேஃப் மோட்' என்னும் முறையில் திறந்து, அந்த ஒரு கோப்பை மட்டும் நீக்குவதுதான். அம்முறையில் விண்டோஸ் தனக்கு இன்றியமையாதவற்றை மட்டுமே எழுப்பும். மற்றவை உறங்கிக் கொண்டிருக்கும்.

இதை நான் நினைவுகூரக் காரணம் உண்டு. ஆவடியை அடுத்த வெள்ளானூரில் வசிக்கும் என் தங்கை, கணவரை இழந்தவள். அம்பத்தூர்ப் பட்டறைகள் சிலவற்றின் கணக்குகளை வீட்டிலிருந்தே எழுதி இரு பிள்ளைகளையும் படிக்க வைக்கிறாள். ஒருநாள், கணினியைப் போட்டவுடன் தானே திறக்கும் அவளுடைய கணக்கு மென்பொருள், திறந்த நொடியே மூடிக்கொண்டது. மாதத்தின் 17ஆம் தேதி அது, ஜி.எஸ்.டி. படிவத்திற்குக் கெடு 20. பார்க்க வந்த பழுது நீக்குபவரோ, "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்" என்றார். "மூன்று மாதக் கணக்கு அண்ணே, போனால் யாரும் எனக்கு வேலை தரமாட்டார்கள்" என்று தங்கை கலங்கினாள்.

நாங்கள் முதலில் கணக்குக் கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுத்தோம். பிறகு 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தாமே தொடங்கும் நிரல்கள் அனைத்தையும் நிறுத்தி, கணினியை மறுபடி இயக்கினோம். இப்போது கணக்கு மென்பொருளைக் கையால் திறந்தால், மூடாமல் நின்றது. ஆக, குற்றம் அதனுடையதன்று. உடன் எழும் வேறொன்றினுடையது. நிறுத்தியவற்றுள் பாதியை மட்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தோம். பிறகு அதிலும் பாதி. நான்காம் முறையில், புதிய அச்சுப்பொறியுடன் வந்த துணை நிரல் பிடிபட்டது. அதை நீக்கினோம். 19ஆம் தேதி மாலை படிவம் போய்ச் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்!

உங்கள் இல்லத்திலும் இவ்வாறு நேர்ந்தால், 'ஈவென்ட் வியூவர்' பகுதியையும் பாருங்கள்; எந்த நிரல், எந்த நேரத்தில் விழுந்தது என்ற குறிப்பு அங்கே இருக்கும். விண்டோஸே திறக்க மறுத்தால், உள்நுழையும் திரையில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி 'ரீஸ்டார்ட்' கொடுத்து, மீட்புப் பட்டியல் வழியாகச் சேஃப் மோடுக்குச் செல்லலாம்.

யார் வந்து, "அழித்துவிடலாம்" என்று சொன்னாலும், படியெடுக்கும் முன் சம்மதிக்காதீர்கள். மென்பொருளை மீண்டும் பெறலாம்; அதில் நீங்கள் எழுதி வைத்த உழைப்பைக் கடையில் வாங்க முடியாது.