ஹோட்டல்காரர் எங்கே சாப்பிடுகிறார்?

வெளியூரில் ஒரு புதிய ஹோட்டலுக்குள் நுழையும்போது சாதாரண மனிதர்கள் விலைப் பலகையைப் பார்ப்பார்கள். அநுபவசாலிகளோ கல்லாப் பெட்டிக்குப் பின்னால் பார்ப்பார்கள். அங்கே முதலாளியின் வீட்டிலிருந்து வந்த டிபன் காரியர் ஒன்று வீற்றிருந்தால், ஒரு காப்பியோடு எழுந்து வந்துவிடுவார்கள். முதலாளிக்கே நம்பிக்கையில்லாத சாம்பாரை நாம் நம்புவானேன் என்பது அவர்களுடைய சித்தாந்தம்.

முதலாளியின் பக்ஷத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. முப்பது வருஷம், தினம் மூன்று வேளை, தம் ஹோட்டல் சாம்பாரையே சாப்பிட வேண்டும் என்று ஒரு மனிதரைக் கட்டாயப்படுத்துவது கடுந் தண்டனையல்லவா? வீட்டுச் சாப்பாடு வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டால் அது குற்றமாகுமா? சரி, வீட்டுக்கும் போகாமல், தம் ஹோட்டலிலும் சாப்பிடாமல், எதிர்ச்சாரியிலுள்ள போட்டி ஹோட்டலில் போய் உட்கார்ந்து ரவா தோசை தருவித்தாரானால் அதை என்னவென்று சொல்வது?

எங்கள் செஞ்சியில் சாயங்கால வேளையில் நாலைந்து நண்பர்கள் கூடிப் பேசுவது வழக்கம். மேற்படி பிரச்னை ஒரு நாள் அங்கே வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவிலுள்ள போர்டு மோட்டார் கம்பெனியின் தலைவர் ஜிம் பார்லி. மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்துக் கார் செய்து, 2022-ல் உற்பத்தியை நிறுத்தினார்களே, அதே கம்பெனிதான். 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அவர் ஒரு பேட்டியில், தாம் ஓட்டிக்கொண்டிருப்பது ஷியோமி என்னும் சீனக் கம்பெனி செய்த மின்சாரக் கார் என்று சொன்னார். செல்போன் விற்று நம் ஊர்க் கடைத்தெரு வரையில் பெயர் வாங்கிய கம்பெனி அது. ஷாங்காயிலிருந்து சிகாகோவுக்கு விமானத்தில் ஏற்றித் தருவித்தாராம். ஆறு மாதமாக ஓட்டுகிறாராம். விட்டுக் கொடுக்க மனம் வரவில்லையாம்!

"இது துரோகம் ஸார்! சம்பளம் ஒரு வீட்டில், சவாரி இன்னொரு வீட்டிலா?" என்றார், பாங்கியில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர்.

ஜவுளிக்கடை நண்பர் சிரித்தார். "தீபாவளிக்கு முன்னால் திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பி, அங்கே என்ன புடவை, என்ன விலை என்று நான் பார்த்துவரச் சொல்லுகிறேன். அதுவும் துரோகந்தானோ?" என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். உபாத்தியாயர் என்றால் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் என்று ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கோ அப்போது எதிரே தெரிந்த ராஜகிரிதான் ஞாபகம் வந்தது.

1677-ல் சிவாஜி மகாராஜா இந்தக் கோட்டையைப் பீஜப்பூராரிடமிருந்து கைப்பற்றினார். கைப்பற்றியதும், 'கிடைத்ததே போதும்' என்று இருந்துவிடவில்லை. மதில்களையும் அரண்களையும் பலப்படுத்தச் செய்தார். வெளியிலிருந்து இந்தக் கோட்டையைப் பிடிக்க வந்த மனிதரல்லவா? மதிலில் எந்த இடம் இளைத்திருக்கிறது என்பது உள்ளே பல காலம் குடியிருந்தவர்களைக் காட்டிலும் அவருடைய கண்ணுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். 1690-ல் ஔரங்கசீப்பின் சேனாபதி ஜுல்பிகார் கான் வந்து முற்றுகையிட்டபோது, கோட்டை விழுவதற்கு 1698 வரையில் ஆயிற்று. யுனெஸ்கோ 2025-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டிய அரண்களில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றுதான்.

ஆகையால், எதிராளியின் பக்கத்தில் நின்று நம் கோட்டையைப் பார்ப்பது துரோகமாகாது. பார்க்காமலிருப்பதுதான் அசட்டுத்தனம். போட்டிக்காரனுடைய காரை ஓட்டி, அது நன்றாயிருக்கிறது என்று பகிரங்கமாக ஒப்புக்கொள்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஆனால் இன்னொன்றும் உண்டு. முற்றுகைக்கு உள்ளான கோட்டையில் இருப்பவர்கள் கோட்டைக்குள் கிடைக்கும் தண்ணீரை நம்பித்தான் இருக்க வேண்டும்.  தளபதிக்கு மாத்திரம் பகைவனுடைய கூடாரத்திலிருந்து சாப்பாடு வந்துகொண்டிருந்தால், குளம் தூர்ந்து போவதைப் பற்றி அவர் எதற்காகக் கவலைப்படப் போகிறார்?

விஷயத்தின் சாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குறையைச் சகிக்கிறவன் ஒருவன், குறையைத் தீர்க்கும் அதிகாரமுள்ளவன் வேறொருவன் என்று ஆகிவிட்டால், அந்தக் குறை சாசுவதமாகிவிடும். இருவரும் ஒருவராயிருந்தால் ஒரு மாதத்தில் பரிகாரம் பிறந்துவிடும்.

ஒரு மாதம் என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. மகாத்மா காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கும் சம்பவம் இது. ஆசிரமத்தில் கதர் நெய்யத் தொடங்கிய காலத்தில், துணியின் அகலம் முப்பது அங்குலந்தான் இருந்தது. காந்திஜி அப்போது இந்திய மில் வேஷ்டிதான் உடுத்திக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் கதர் சொல்லிவிட்டுத் தாம் மில் துணி உடுத்துவது அவருக்குப் பொறுக்கவில்லை. கைராட்டையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்த கங்காபென் அம்மையாருக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தார்: ஒரு மாதத்துக்குள் நாற்பத்தைந்து அங்குல அகலத்தில் கதர் வேஷ்டி வராவிட்டால், முப்பது அங்குலத் துண்டையே கட்டிக்கொண்டு நடமாடப் போவதாக. அம்மையார் திடுக்கிட்டுப் போனார். ஆனால் மாதம் முடிவதற்குள் நாற்பத்தைந்து அங்குல வேஷ்டி இரண்டு வந்து சேர்ந்தன!

பிறகு 1921-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி, நம்முடைய மதுரையில், சட்டையையும் குல்லாயையும் துறந்து முழங்கால் வேஷ்டிக்கு அவர் வந்து சேர்ந்ததை எல்லாரும் அறிவார்கள். கதர் வாங்கக் கையில் காசில்லை என்று ஏழைகள் சொன்னார்கள். அப்படியானால் ஏழைக்கு எட்டுகிற அளவு துணியே தமக்கும் போதும் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். தம் சரக்கைத் தாமே உபயோகிப்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரையில் அமெரிக்காவையும் சபர்மதியையும் பற்றிப் பேசியாயிற்று. சௌகரியமான பேச்சு! இனி என் தொழிலுக்கு வருகிறேன். நான் அரசாங்கப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். எங்கள் சரக்கு படிப்பு. எங்களுக்கும் போட்டிக் கடைகள் உண்டு. காலை எட்டு மணிக்குச் செஞ்சிக் கூட்டு ரோடு பக்கம் நின்று பார்த்தால், மஞ்சள் நிறப் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போவது தெரியும். அந்தப் பஸ்களில் அரசாங்க உபாத்தியாயர்களின் குழந்தைகளும் போகிறார்கள் என்பது பரம ரகசியம் ஒன்றும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கடை முதலாளியான சர்க்காரே போட்டிக் கடையின் வாடிக்கைக்காரர். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தனியார் பள்ளிகளின் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடம் நலிந்த பிரிவினருக்கு; அந்தக் குழந்தைகளுக்கான செலவைச் சர்க்கார் ஈடு செய்ய வேண்டும். ஏழைக் குழந்தைக்கு நன்மை என்பதில் சந்தேகமில்லை. ஆனால், "எங்கள் ஹோட்டலில் இடமிருக்கிறது, இருந்தாலும் எதிர்ச்சாரிக்குப் போங்கள், பில்லை நாங்கள் கொடுக்கிறோம்" என்று சொல்லுகிற முதலாளியை வேறு எந்த வியாபாரத்திலாவது நீங்கள் பார்த்ததுண்டா?

இதற்கு மாறாக நடந்தவர்களும் உண்டு. 2011-ல் ஈரோடு ஜில்லாக் கலெக்டராயிருந்த ஆர். ஆனந்தகுமார் தம் பெண்ணைக் குமலன்குட்டை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தார். 2019-ல் திருநெல்வேலிக் கலெக்டராயிருந்த ஷில்பா பிரபாகர் சதீஷ் அம்மையார் தம் பெண் குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்பினார். இரண்டும் பத்திரிகைகளில் பெரிய செய்தியாக வந்தன. கலெக்டர் பெண் அரசாங்கப் பள்ளிக்குப் போவது செய்தியாகிறது என்றால், போகாமலிருப்பதே வழக்கம் என்றுதானே அர்த்தம்?

அலகாபாத் ஹைகோர்ட்டு 2015-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அரசாங்கக் கஜானாவில் சம்பளம் வாங்குகிற அத்தனை பேருடைய குழந்தைகளும் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளிலேயே படிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நீதிபதி சுதீர் அகர்வால் உத்தரப் பிரதேச சர்க்காருக்குக் கட்டளையிட்டார். பத்து வருஷம் கழிந்தும் அது அநுஷ்டானத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் என்ன பலன் ஏற்பட்டிருக்குமோ? சம்மன் அனுப்பிச் சாப்பிட வைக்கப்பட்டவன் சாப்பாட்டைச் சீர்திருத்துவதில்லை. சீக்கிரமாக எழுந்திருக்கத்தான் வழி தேடுவான்.

எங்கள் வீட்டில் இந்த விவகாரம் பெண் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது எழுந்தது. அரசாங்கப் பள்ளியில் சேர்ப்பது என்பது என் அபிப்பிராயம். காந்திஜியின் வேஷ்டிக் கதையை அன்றைக்கும் எடுத்துச் சொன்னேன். என் மனைவி முழுதும் கேட்டுவிட்டு, "ஏங்க, கதர் முரடாயிருந்தால் காந்தியுடைய இடுப்பில் உறுத்தியது. இங்கே உறுத்தப் போவது உங்கள் இடுப்பிலா? பத்து வயதுக் குழந்தையின் இடுப்பில் அல்லவா?" என்றாள்.

இருபது வருஷம் வகுப்பில் நின்று பேசியவனுக்கு அந்த ஒரு கேள்விக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அது நியாயமான கேள்வி. கம்பெனித் தலைவர் மோசமான காரை ஓட்டினால் அவருக்குத்தான் முதுகு வலிக்கும். பிள்ளையின் படிப்பு அப்படிப்பட்டதல்ல. நம்முடைய கொள்கைக்குக் குழந்தை விலை கொடுக்கலாமா?

இரண்டு நாள் யோசித்த பிறகு சொன்னேன்: "நம் பெண் போகாவிட்டாலும் அங்கே முப்பது குழந்தைகளின் இடுப்பில் உறுத்திக்கொண்டுதான் இருக்கும். அவர்களுடைய அப்பா அம்மா கூலி வேலைக்குப் போகிறவர்கள். எங்கே போய்ச் சொல்லுவது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அவள் உடனே சம்மதிக்கவில்லை. "ஒரு வருஷம் பார்க்கலாம். குழந்தைக்கு ஆகவில்லை என்றால் உங்கள் கொள்கையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று நிபந்தனை போட்டாள்.

மூன்றாவது வாரத்தில், காலையில் நிரப்பி அனுப்பிய தண்ணீர்ப் புட்டி மாலையில் அப்படியே நிரம்பித் திரும்பி வருவதை அவள்தான் கவனித்தாள். விசாரித்தபோது, பெண்கள் கழிப்பிடத்தில் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்றும், அங்கே போக வேண்டியிராதபடி வகுப்புப் பெண்கள் யாருமே பகலில் தண்ணீர் குடிப்பதில்லை என்றும் குழந்தை சொன்னாள். அதை ஒரு குறையாகக்கூட அவள் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து வழக்கம் என்பது போலச் சொன்னாள். பரிசீலனைப் பாரங்களில் 'கழிப்பிடம் உண்டு' என்றுதான் எழுதியிருக்கும். அதில் பொய் ஒன்றும் இல்லை. கழிப்பிடம் இருக்கத்தான் இருந்தது.

மதிய உணவு விஷயத்திலும் இதைக் கண்டிருக்கிறேன். பீகாரில் 2013-ல் பள்ளிச் சாப்பாட்டில் பூச்சி மருந்து கலந்து 23 குழந்தைகள் மாண்ட பிறகு, பரிமாறுவதற்கு முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்ற விதி தேசமெங்கும் வற்புறுத்தப்பட்டது. நல்ல விதி, உயிரைக் காக்கும் விதி. ஆனால் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வாங்கி ருசி பார்த்தால் உப்புத் தெரியும், புளிப்புத் தெரியும். தட்டு நிறைய வாங்கி ஒரு மாதம் சாப்பிட்டால்தான் அரிசியில் கல் இருப்பதும், வியாழக்கிழமை சாம்பாரில் பருப்புக் குறைவதும் தெரியும். பரிசீலனை என்பது சிட்டிகை. பிழைப்பு அதில் இருப்பது என்பது தட்டு. தண்ணீர்ப் புட்டி சொன்ன செய்தியை எந்தப் பரிசீலனையும் சொல்லியிராது.

பெற்றோர் என்ற ஹோதாவில் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்துக்குப் போனேன். மோட்டார் எரிந்துபோய் எட்டு மாதம் ஆயிற்று என்று தெரிந்தது. மூன்று கூட்டமும் இரண்டு மனுவும் ஆன பிறகு மோட்டார் ஓடிற்று. நான் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் செய்துவிடவில்லை. மனு எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்று தெரிந்த ஒரு தகப்பனுக்கு அந்தக் குழாயில் தண்ணீர் வரவேண்டிய அவசியம் ஏற்பட்டது, அவ்வளவுதான்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அடுத்த வீட்டுப் பையன் தனியார் பள்ளியில் படிக்கிறான். அவன் இங்கிலீஷில் தங்கு தடையின்றிப் பேசுகிறான். என் பெண் இலக்கணமாக எழுதுகிறாள். பேசச் சொன்னால் கதவுக்குப் பின்னால் போகிறாள். ஆகவே நான் போர்டு கம்பெனித் தலைவரின் உபாயத்தைக் கைக்கொண்டேன். அந்தப் பையனுடைய நோட்டுப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். தினம் ஒரு பிள்ளை எழுந்து, முந்தின நாள் நடந்ததை நாலு வாக்கியத்தில் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. தப்பாகச் சொன்னால் யாரும் சிரிக்கக் கூடாது. செலவு ஒரு காசு இல்லை. இப்போது என் வகுப்பிலும் அது நடக்கிறது. என் பிள்ளைகள் நிறையத் தப்புச் செய்கிறார்கள், ஆனாலும் பேசுகிறார்கள்.

ஆகையால் பாங்கி நண்பருக்கும் ஜவுளிக்கடை நண்பருக்கும் என் தீர்ப்பு இது. போட்டிக் கடைக்குத் தாராளமாகப் போகலாம், கற்றுக்கொண்டு திரும்பி வருகிற எண்ணம் இருந்தால். அங்கேயே சௌகரியமாகத் தங்கிவிட்டு, நம் கடைச் சரக்கை ஏழைகளுக்குச் சிபாரிசு செய்வதுதான் கூடாது.

நேயர்களே! நீங்கள் ஆஸ்பத்திரியிலோ, பஸ் கம்பெனியிலோ, பால் பண்ணையிலோ, எங்கே உத்தியோகம் பார்த்தாலும், உங்கள் வீட்டில் யாருக்காவது தேவை வந்தால் உங்கள் இடத்துக்கே அழைத்துப் போவீர்களா என்று ஒரு தடவை உங்களைக் கேட்டுக்கொண்டு பாருங்கள். பதில் சொல்லும்போது வீட்டு அம்மாள் பக்கத்தில் இருப்பது நல்லது. அப்போதுதான் உண்மையான பதில் வரும்.