மூன்று திட்டு மண்

நம்ம ஊரில் ஒரு படம் ஓடவில்லை என்றால், உடனே அதற்கு ஒரு கௌரவப் பட்டம் கொடுத்துவிடுவார்கள்: 'சோதனை முயற்சி'!

நானும் அந்தப் பட்டம் வாங்கியவன்தான். இருபத்துமூணு வயசில் ஒரு நாடகம் போட்டேன். மேடை கிடையாது, பாதிதான் வசனம், வெளிச்சத்துக்கு ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு, நடுநடுவே பறை. அரை மணி நேரத்தில் முக்கால்வாசிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். 'ஜனங்களுக்கு ரசனை போதாது' என்றேன். நடித்த நண்பன் மட்டும், ''எதுடா சரியில்ல?'' என்று கேட்டான். பதில் தெரியவில்லை. அதற்கப்புறம் அவன் நடிக்கவே இல்லை.

பல வருஷம் கழித்து, பதில் சித்தேரியில் கிடைத்தது. தர்மபுரி மாவட்டம் அரூரிலிருந்து மலையேறினால் வருகிற ஊர். அங்கே ஒரு மண் வீட்டுச் சுவரில், பாட்டி ஒருத்தர் மூன்று திட்டுகளாக மண் பூசிக் காயவிட்டிருந்தார். இரண்டில் வெடிப்பு.

''என்ன பாட்டி இது?''

''பொங்கலுக்குச் செவுரு பூசிக் கோலம் எழுதணும் கண்ணு. மூணும் ஒரே மண்ணுதான். சாணிய மட்டும் கூட்டிக் கொறச்சுப் பாக்கறேன்.''

''மண்ணையும் மாத்திப் பாக்கலாமே?''

''எல்லாத்தயும் ஒரே வாட்டி மாத்திப்புட்டா, எதனால வெடிச்சுதுன்னு எப்படித் தெரியும்?''

பொளேரென்று கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஓவியர் 1950-ல் தொடங்கி, 1976-ல் சாகும்வரை சதுரத்துக்குள் சதுரம் வரைந்துகொண்டே இருந்தார். ஆயிரத்துக்கும் மேல்! அமைப்பு அநேகமாக மாறாது, நிறம்தான் மாறும். பக்கத்து நிறம் மாறினால் அதே மஞ்சள் எப்படி வேறு மஞ்சளாகத் தெரிகிறது என்பதுதான் அவர் கேள்வி. எந்தக் கம்பெனியின் எந்த வண்ணம் என்று படத்தின் பின்பக்கம் குறித்து வைப்பார். பி.காம். படித்த எனக்கு அது பேரேடு மாதிரியே படுகிறது.

நம்ம தாம்பரத்திலும் இப்படி நடந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிரிதிவாசன் மூவரும் கோலத்துக்குக் கணித இலக்கணம் எழுதி 1974-ல் வெளியிட்டார்கள். விதியைப் பிடித்துவிட்டால், அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கோலத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகலாம்.

விஞ்ஞானம் புகுந்தால் கலை செத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம். எந்தத் திட்டு வெடிக்காது என்பதைத்தான் சோதனை சொல்லும். அதன் மேல் என்ன கோலம் எழுதுவது என்பது பாட்டியின் இஷ்டம்.

ஊர் திரும்பியதும் நண்பனுக்கு போன் போட்டேன். ''அதே நாடகத்தைத் திரும்பப் போடுவோம்டா. எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணை மட்டும் மாத்துவோம்.''

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

''அந்த அரிக்கேனை மாத்துடா. அன்னிக்கு என் மூஞ்சியே யாருக்கும் தெரியல'' என்றான்.