பாடம் கேட்ட வாத்தியார்

பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பவர் முதலில் தாம் அதைக் கற்றவராயிருத்தல் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. அதனை நாம் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் கற்றுக்கொண்ட வரலாற்றை இங்கே எழுதத் துணிகின்றோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் டிக்கெட் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்குப் புலமை யாதும் இல்லை. பிழையிருப்பின் பொறுத்தருள்க.

நாம் பிறந்து வளர்ந்த சாம்பியன் ரீப்ஸ், தங்கத்தால் பேர் பெற்ற ஊர். நம் முன்னோர் வடார்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து பிழைப்பு நாடி வந்து, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உழைத்தனர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின், விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின் திரும்புவதே பல குடும்பங்களின் வாழ்க்கையாயிற்று. பிள்ளை விழிக்குமுன் தந்தை போகிறார். உறங்கிய பின் வருகிறார். ஆகவே வேதபாடம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் தலையில் விழுந்துவிட்டது. அத்தகைய வகுப்பொன்றில் நாமும் ஓர் ஆசிரியர்.

ஒரு நாள் காலை, பெங்களூர் ஆஸ்பத்திரிக்குச் செல்லும் மூதாட்டி ஒருவர் 500 ரூபாய்த் தாளை நீட்டி டிக்கெட் கேட்டார். வண்டி ஊதிவிட்டது. அவர் மீதிச் சில்லறையை மறந்து ஓடிவிட்டார். மிகைப்பணத்தைக் கணக்கில் காட்டிச் செலுத்த வேண்டும் என்பது விதி. நாமோ, ‘திரும்பி வந்தால் கொடுப்போம்’ என்று சட்டைப் பையில் வைத்தோம். மாதக் கடைசி, மளிகைக் கடையில் பாக்கி. இரண்டு நாளில் பணம் கரைந்தது.

அடுத்த ஞாயிறு நாம் நடத்திய பாடம் சக்கேயுவின் வரலாறு. அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அந்த ஆயக்காரத் தலைவன் கூறியதை உருக்கமாக விளக்கினோம். அப்பொழுது பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, “சார், அந்தப் பாட்டிக்கு மீதிப் பணம் கொடுத்துவிட்டீர்களா?” என்றான். அன்று அவன் தன் தாயோடு வரிசையில் நின்றிருக்கிறான். அவன் கேள்வியில் குத்தல் இல்லை. கொடுத்திருப்போம் என்றே நம்பிக் கேட்டான். நமக்கு நா எழவில்லை.

அன்று மாலையே அவனை அழைத்துக்கொண்டு அம்மூதாட்டியின் லைன் வீட்டைத் தேடிச் சென்றோம். பணத்தைப் பெற்றுக்கொண்டு, “திரும்பி வர முன்பின் தெரியாதவரிடம் கை நீட்டினேனப்பா” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மேலதிகாரியிடம் உள்ளதைச் சொல்லிக் கண்டிப்புப் பெற்றோம். அதற்கடுத்த ஞாயிறு வகுப்பிலும் யாவையும் கூறினோம். பிள்ளைகள் அத்தனை அமைதியாக எந்தப் பாடத்தையும் கேட்டதில்லை.

பிள்ளைகளால் பெரியோர் திருந்துவது நம் நாட்டில் புதிதன்று. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், கைமணி அடித்துச் சிறுவரைக் கூட்டித் தமிழிலே செபங்களைக் கற்பித்தார். கற்றதைத் தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் கற்பிக்குமாறு அப்பிள்ளைகளையே ஏவினார். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமுள்ள ஞானோபதேச நூலே. பின்னர் வந்த வீரமாமுனிவரோ, உபதேசிமாருக்கென எழுதிய நூலுக்கு ‘வேதியர் ஒழுக்கம்’ என்று பெயரிட்டார். வேதியர் அறிவு என்று பெயரிடாததன் கருத்து நமக்கு இப்பொழுதுதான் விளங்குகின்றது.

ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். வகுப்புக்கு உரியது அதில் ஒன்றே. மற்ற நேரமெல்லாம் பிள்ளைகள் நம்மைப் படிக்கின்றனர். அயலூரில் வாழும் சகோதரர்களே! இரவு எந்நேரம் வீடு திரும்பினாலும், ஐந்து நிமிடம் குடும்பமாய் முழந்தாளிடுங்கள். செய்த தவற்றைப் பிள்ளைகளறிய ஒப்புக்கொள்ள நாணாதீர்கள். சீடனாதல் என்பது பாடத்தை ஒப்பிப்பதன்று. தவறிய வழியிலிருந்து திரும்பி நடப்பது.

இப்பொழுது டிக்கெட் சன்னலில் மீதிப் பணத்தை இருமுறை எண்ணி, வாங்குபவர் கையில் வைத்த பின்னரே அடுத்தவரை அழைக்கின்றோம். வரிசையில் அச்சிறுவன் நிற்கின்றானா என்று கண்கள் தேடுவதும் உண்டு.