உற்றவன் சொல்

சில ஆண்டுகளுக்கு முன், கல்வராயன் மலையில் கரியாலூரில் ஆசிரியப் பணியில் நாம் இருந்தபோது ரமலான் வந்தது. நமக்கு நீரிழிவு உண்டு. எனினும் மலைக்குளிரில் தாகம் தெரியாது. முப்பது நோன்பையும் நோற்றுவிடலாம் என்றொரு துணிவு. மாத்திரையைச் சஹரில் விழுங்கிவிட்டு வகுப்புக்குச் சென்று வந்தோம். பத்தாம் நோன்பின் பிற்பகலில் கரும்பலகை கண்முன் சுழன்றது, கை நடுங்கிற்று, சட்டை வியர்வையில் நனைந்தது. மாணவர் ஓடிக் கொணர்ந்த வெல்லத் தண்ணீரே உயிரைப் பிடித்து நிறுத்திற்று.

நோன்புக்கு முந்திய வாரந்தான் ஒரு மருத்துவரைக் கண்டு வந்திருந்தோம். ஊரும் பேரும் எதற்கு? சீட்டைப் பார்த்தார், "மாத்திரை தவறாமல் போடுகிறீர்களா?" என்றார், நாம் வாய் திறக்குமுன் எழுதி முடித்தார். நோன்பு வருகிறது என்னும் செய்தி நா நுனியில் நின்றது, சொன்னோமில்லை. குற்றத்தில் பாதி அவருடைய விரைவுக்கு உரியது. மறுபாதி நம்முடையது, நோன்பு கூடாதென்று சொல்லிவிடுவாரோ என்னும் அச்சம்! நோயுற்றோர் வேறு நாட்களில் நோற்கலாம் எனத் திருமறை அளித்த சலுகையைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவரும் நாமேதாம்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியையே முதலில் வைக்கிறார். அவனுக்குரிய தகுதிகளுள் ஒன்றாகத் தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் ஆற்றலைப் பரிமேலழகர் எண்ணுகிறார். இவ்வுரையை எத்தனை முறை வகுப்பில் விரித்திருப்போம்! அவ்வாற்றல் வெளிப்பட எதிரே கேட்கும் செவி ஒன்று வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. பெக்மன், பிராங்கல் என்னும் அமெரிக்கர் இருவர் 74 மருத்துவச் சந்திப்புகளை ஆராய்ந்து 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோயாளி பேசத் தொடங்கிச் சராசரி 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டாராம். தொடக்கத்தில் சொல்ல வந்ததை முழுதும் சொல்லி முடித்தவர் நாலில் ஒரு பங்குகூட இல்லை. நமக்கோ அப்பதினெட்டும் கிட்டவில்லை.

மயக்கம் வந்த மறுநாள், அண்டைவீட்டு மலையாளிப் பெரியவருடன் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வேறொரு மருத்துவரிடம் சென்றோம். இளம் பெண்மணி. பெரியவருக்கும் சர்க்கரை நோயே. "என்ன செய்யுதுங்க ஐயா?" என்று கேட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். பெரியவர் பேசவில்லை. அம்மையாரும் பேசாமல் காத்திருந்தார். பிறகு மெல்ல வந்தது சொல்: "சாமை அறுப்பு நாள்ல மாத்திரை போடுறதில்லீங்க. வெறும் வயித்துல வேலை செஞ்சா மயக்கம் வருது."

எழுத்தறியாத அவர் சொல்லிவிட்டார். அதன் பின்னரே நமக்கு வாய் திறந்தது.

அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. சஹர் எத்தனை மணிக்கு, நோன்பு திறந்ததும் உண்பது என்ன என்றெல்லாம் கேட்டு மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றினார். சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினால் அக்கணமே நோன்பை முறித்துவிட வேண்டும் என்றார். "இப்போ நான் சொன்னதை நீங்க ஒருமுறை சொல்லுங்க, சார்." உஸ்தாதின் முன் பாடம் ஒப்பித்த பருவம் நினைவில் எழ, அப்படியே ஒப்பித்தோம், ஓரிடத்தில் தவறித் திருத்தமும் பெற்றோம். அவ்வாண்டு விட்ட நோன்புகள் நான்கு. குளிர்காலத்தில் களா நோற்றோம்.

திரும்பும் பேருந்து கச்சிராயபாளையம் தாண்டி மலையேறுகையில் பெரியவர் நம் தோளைத் தொட்டார். "வாத்தியாரய்யா, கால் மரத்துப் போறதக் கேக்க மறந்துட்டேன். அடுத்த தடவை கேட்டுடணும்."