கப்பனின் குதிரையும் மாரொக்கெட்டியின் பெயரும்

பெங்களூருக் கப்பன் பூங்காவில் வெண்கலக் குதிரைமீது அமர்ந்திருப்பவர் மார்க் கப்பன் என்பதைப் பலரும் அறிவர். அக்குதிரையை வார்த்தவரின் பெயர் வழிகாட்டிகளின் நாவில்கூட வருவதில்லை. அவர் கார்லோ மாரொக்கெட்டி: இத்தாலியில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, இலண்டனில் குடியேறிய சிற்பி.

1805இல் அவர் பிறந்தபோது டூரின் நகரம் பிரான்சின் ஆட்சியில் இருந்தது, வளர்ந்தது பாரிஸில். டூரினின் சான் கார்லோ சதுக்கத்தில் 1838இல் நிறுவப்பட்ட இம்மானுவேல் ஃபிலிபெர்ட்டின் குதிரைச் சிலை அவருக்குப் புகழையும், சார்தீனிய மன்னரின் பேரன் பட்டத்தையும் தந்தது. பாரிஸின் வெற்றி வளைவில் ழெமாப் போர்க்காட்சிப் புடைப்புச் சிற்பமும் அவருடையதே. 1848இல் புரட்சி வெடித்தது. மன்னர் லூயி பிலிப் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். அரசவை ஆதரவில் வாழ்ந்த மாரொக்கெட்டியும் அவ்வாண்டே இலண்டன் சேர்ந்தார்.

அங்கே விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் அவரை ஆதரித்தனர். பிரித்தானியச் சிற்பிகளுக்கு அது பொறுக்கவில்லை. கிளாஸ்கோவில் வெலிங்டன் பிரபுவின் சிலைப் பணி அந்நியர் ஒருவருக்குப் போனதே என்ற முணுமுணுப்பு, அவர் குடியேறுவதற்கு முன்பே எழுந்திருந்தது. நாடாளுமன்றத்தின் வாயிலில் இன்றும் வாளோங்கி நிற்கும் ரிச்சர்ட் மன்னரின் சிலை, அதாவது இங்கிலாந்து தன் வீரத்தின் உருவமாகக் காட்டும் சிலை, இந்த அந்நியரின் கைவேலை. டிரஃபால்கர் சதுக்கத்துச் சிங்கங்களை வடிவமைத்தவர் ஓவியர் லேண்ட்சியர். வெண்கலத்தில் வார்த்தவர் மாரொக்கெட்டி. இருந்தும் ராயல் அகாதெமியின் இணை உறுப்பினர் தகுதி 1861இலும், முழு உறுப்பினர் தகுதி 1866இலும்தான் அவருக்குக் கிட்டின. மறு ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். கென்சிங்டன் தோட்டத்தின் ஆல்பர்ட் நினைவுச்சின்னத்துக்கு அவர் செய்த மாதிரி ஏற்கப்படவில்லை. பணி ஃபோலியின் கைக்குப் போயிற்று.

கப்பன் சிலை திறக்கப்பட்டதும் 1866இல்தான், மார்ச் 16ஆம் நாள். மான் தீவினரான கப்பன் 1800இல் சென்னைப் படைக்கு வந்தவர். 1834 முதல் 1861 வரை மைசூரின் ஆணையர். ஊர் திரும்பும் வழியில் சூயஸில் இறந்தவர். அவர் கப்பலேறி ஐந்தாண்டுகள் கழித்துப் பிறந்தவர் சிற்பி. இருவருமே பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு நாட்டில் வாழ்ந்தவர்கள். ஆனால் ஒருவர் ஆள வந்தவர், மற்றவர் பிழைக்க வந்தவர். 'வந்தேறி' என்ற வசைச்சொல் இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை. பெரும்பாலும் இரண்டாமவர்மீதே அது பாய்கிறது.

பெங்களூர்த் தமிழருக்கு இச்சொல்லின் கூர்மை புதிதன்று. அல்சூர் ஏரியருகே 1991இல் நிறுவப்பட்ட வள்ளுவர் சிலை, எதிர்ப்பின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்தது; 2009 ஆகஸ்டில்தான் முகம் காட்டியது. சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட வேண்டும் என்பது அதன் மறுபாதி. அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் ஆணையர் கப்பனின் முகத்தை எந்தத் துணியும் மறைக்கவில்லை.

அவர் சிலையும் ஓரிடத்தில் நிற்கவில்லை என்பது வேறு. படை அணிவகுப்புத் திடலிலிருந்து அட்டாரா கச்சேரியின் முன்புறத்துக்கு, அதாவது இன்றைய உயர்நீதிமன்றத்துக்கு, முதலில் பெயர்ந்தது. 'அட்டாரா' என்பது பதினெட்டு; பதினெட்டு அரசுத் துறைகள் இயங்கிய கட்டடம். 'கச்சேரி' பழைய தமிழிலும் அலுவலகத்தைக் குறித்த சொல்தான். பின்னரே இசையரங்குக்கு உரியதாயிற்று. 2020 ஜூனில் சிலையை நீதிமன்ற வளாகத்திலிருந்து பூங்காவுக்குள், இசைமேடைப் பக்கம் கொண்டுபோனார்கள். சொல் போன வழியிலேயே சிலையும் போயிருக்கிறது.

பூங்காவின் அலுவல்முறைப் பெயர் 1927 முதல் ஸ்ரீ சாமராஜேந்திர பூங்கா. ஆட்டோ ஓட்டுநரிடம் அப்பெயரைச் சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார். கிளாஸ்கோவில் வெலிங்டனின் தலையில் யாரோ போக்குவரத்துக் கூம்பைக் கவிழ்த்து வைக்கிறார்கள். எடுக்க எடுக்க மீண்டும் வைக்கிறார்கள். நகரத்தின் அடையாளமாகிவிட்ட அந்தக் கூம்புக்குக் கீழே இருப்பதும் மாரொக்கெட்டியின் வெண்கலமே.