பாட்டியின் தையல் கடை

டெய்லர் கடையில் நீங்கள் என்ன பேசுவீர்கள்? 'இடுப்பைக் கொஞ்சம் பிடிக்கணும், சனிக்கிழமைக்குள்ள வேணும்...' அவ்வளவுதானே?

அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி பக்கம், ஆளில்லாமல் காலியாகிக்கொண்டிருந்த ஒரு ஷாப்பிங் மாலில் ஒரு தையல் கடை இருந்தது. கடைக்காரர் ஐந்தடிகூட இல்லாத ஒரு பாட்டி. சிறுத்தைப் புள்ளி போட்ட துணி என்றால் உயிர். தொண்ணூறை நெருங்கிய வயதிலும் கடையை மூட மனசில்லை.

சோனியா வார்ஷாவ்ஸ்கி. போலந்தில் பிறந்த யூதப் பெண். பதின்ம வயதில், மைதானெக் முகாமில் தன் அம்மாவை விஷவாயு அறைக்குப் பறிகொடுத்தவர். அப்புறம் ஆஷ்விட்ஸ். அப்புறம் பெர்கன்-பெல்சன். 1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை வந்து முகாமைத் திறந்தது. அந்த விடுதலை நாளில்தான் அவர் மார்பில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அதிலும் பிழைத்தார்!

நான் பி.காம் படித்தவன். அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்று படித்தால், என் மூளை அதை ஒரு தொகையாகத்தான் பதிந்துகொள்ளும். சோனியாவின் பேத்தி லியா, தன் கணவர் டாட் சொலிடேவுடன் சேர்ந்து 2016-ல் எடுத்த 'பிக் சோனியா' என்ற டாகுமென்டரிதான் அந்தத் தொகையிலிருந்து ஒரே ஒருத்தரைத் தனியாக எடுத்து என் முன்னால் உட்கார வைத்தது.

உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைப் பதிவுசெய்ய ஸ்பீல்பெர்க் 1994-ல் ஓர் அமைப்பையே தொடங்கினார். ஐம்பதாயிரத்துக்கும் மேல் வீடியோக்கள் சேர்ந்தன. மகத்தான வேலை. ஆனால், பேத்தி எடுக்கும்போது வேறொன்றும் கிடைக்கிறது. பாட்டி ஊசியில் நூல் கோக்கிறார், வாடிக்கையாளரைச் சீண்டுகிறார், பள்ளிப் பிள்ளைகளிடமும் சிறைக் கைதிகளிடமும் போய்ப் பேசுகிறார். கடையைக் காலி பண்ணச் சொன்னதும் கலங்குகிறார். அம்மாவின் துயரத்தைத் தாங்களும் சுமந்து வளர்ந்த பிள்ளைகள், கேமரா முன்னால் உடைந்துபோகிறார்கள். பிள்ளைகள் கேட்கத் தயங்குவதைப் பேரப்பிள்ளைகள் கேட்டுவிடுகிறார்கள். நடுவில் ஒரு தலைமுறை இருப்பது ஒரு வசதி.

எனக்கும் அந்த வசதி இருந்தது சார்.

என் தாத்தா 1942-ல், ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். சோனியா பட்டது வேறு, தாத்தா பட்டது வேறு. ஒப்பிடவே கூடாது. ஆனால், தாத்தாவும் வாயைத் திறக்காத மனுஷர். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு ராத்திரி திடீரென்று சொன்னார்: "வழியில தம்பிய விட்டுட்டு வந்துட்டேன்டா."

மறுநாள் எனக்குக் காஸ்ட்டிங் பரீட்சை. "அப்புறம் சொல்லுங்க தாத்தா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பத்திரிகைக்காரனாகி, இருபது வருஷமாக யார் யாரிடமோ ரெக்கார்டரை நீட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தம்பியின் பெயர் என்ன என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

உங்கள் வீட்டுத் திண்ணையிலோ, ஹால் மூலையிலோ ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருப்பார். உங்கள் செல்போனில் கேமரா இருக்கிறது. பரீட்சை கிடக்கட்டும். பக்கத்தில் போய் உட்காருங்கள்.