அடுக்குப் பார்க்காத அரங்கேற்றம்: வந்தாறுமூலையில் விரிவுரைத் தொழில்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரையிலிருந்து ஏ-15 நெடுஞ்சாலையில் தெற்கே பனிச்சங்கேணி, ஓட்டமாவடி, வாழைச்சேனை ஆகிய ஊர்களைக் கடந்து வந்தால் எதிர்ப்படும் வந்தாறுமூலையில், 1981 ஆகஸ்ட் 1 அன்று பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் 1986 ஒக்டோபர் 1 முதல் கிழக்குப் பல்கலைக்கழகமாக இயங்கிவருகிறது. 2004இன் ஆழிப்பேரலையும் 2006, 2007ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வும் பள்ளிப் பருவத்தைச் சிதைத்த வாகரைப் பகுதியிலிருந்து பட்டப்படிப்புக்கு வரும் முதல் தலைமுறையினர், விரிவுரையாளர் பதவிக்கான படிநிலைகளை வீட்டாரிடம் கேட்டறிய வாய்ப்பில்லாதவர்கள்.

அப்படிநிலைகள் எளிதில் விளங்குபவையும் அல்ல. சிறந்த வகுப்புச் சித்தியுடன் பட்டம் பெற்றவர் முதலில் குறுகிய கால ஒப்பந்தத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளராகி, வெற்றிடம் விளம்பரப்படுத்தப்பட்டு நேர்முகத் தேர்வில் தெரிவானால் தகுதிகாண் விரிவுரையாளர், அதாவது உரிய காலத்துக்குள் பட்டமேற்படிப்பை முடித்தால் மட்டுமே நிரந்தரமாக்கப்படுபவர், என்ற நிலையை அடைகிறார். இந்நிலையில் உள்ளவர்களுக்குக் கற்பித்தல் பயிற்சிநெறியொன்றும் வேண்டப்படுகிறது. பல்கலைக்கழகங்களின் பணியாளர் அபிவிருத்தி நிலையங்கள் அதைச் செயலமர்வுகளாக நடத்துகின்றன.

செயலமர்வின் பயன்மிக்க பகுதி நுண்கற்பித்தல்தான். 1960களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் அவரது சகாக்களும் உருவாக்கிய இம்முறையில், பயிலுநர் ஒருவர் சில நிமிடப் பாடமொன்றைச் சக பயிலுநர் முன்னே நடத்தி, குறைகளைக் கேட்டறிந்து, அதே பாடத்தைத் திருத்தி மீண்டும் நடத்துவார். பாடத்தை நன்கறிந்தவரும் கரும்பலகையைப் பார்த்தே பேசுவதையும், கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் தானே சொல்லிவிடுவதையும் பிறர் சுட்டிய பின்னரே உணர்கிறார். மட்டக்களப்புக் கூத்து மரபுக்கு இது புதிதல்ல: அண்ணாவியார் சட்டம் கொடுத்து, அதாவது பாத்திரத்துக்குரிய பாடலையும் வசனத்தையும் ஆடுவோரிடம் ஒப்படைத்துப் பழக்கிய பின், முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கும் ‘அடுக்குப் பார்த்தல்’ முடிந்தே அரங்கேற்றம் நிகழும். இம்மரபைப் பேராசிரியர் சி. மௌனகுரு கல்வி உலகுக்குள் கொண்டுவந்த மாவட்டத்திலேயே, புதிய விரிவுரையாளர் அடுக்குப் பார்க்காமல் அரங்கேற நேர்வது விசித்திரமே.

மொழி இன்னொரு சுமை. உயர்தரத்தைத் தமிழில் கற்று வரும் மாணவருக்கு விஞ்ஞானமும் விவசாயமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றன. கலைப்பிரிவிலோ விரிவுரை தமிழில் நடந்தாலும் அண்மைக்கால வாசிப்பு நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆகவே ஒரு கருத்தை இரு மொழிகளிலும் எடுத்துச்சொல்லப் பழகுவதற்குச் செயலமர்வு தனி நேரம் ஒதுக்க வேண்டும். விளைவுசார் கற்றல் பற்றிய ‘பவர்பொயின்ட்’ வரிகளை வாசித்துக் காட்டும் அமர்வுகளைக் குறைத்தாலே அந்நேரம் கிடைத்துவிடும்.

கற்பித்தலோடு விரிவுரையாளருக்கு வேண்டிய ஆய்வுப் பயிற்சிக்கு வாகரையே தக்க களம். கடலோர வேடர் குடும்பங்களின் வாழ்வாதாரத்தையோ களப்பு மீன்பிடியையோ ஆராயப் புகுபவர், வினாக்கொத்தை அச்சிடுவதற்கு முன் அதை அம்மக்களின் பேச்சுவழக்கில் சிலரிடம் கேட்டுப் பார்த்தால், எந்தக் கேள்வி விளங்கவில்லை, எது மனத்தைப் புண்படுத்துகிறது என்பது தெரிந்துவிடும்.

எனினும் முறையான பயிற்சி தகுதிகாண் விரிவுரையாளரை மையமாகக் கொண்டே அமைந்திருப்பதால், பட்டம் பெற்றுச் சில மாதங்களிலேயே வகுப்பெடுக்கும் தற்காலிக உதவி விரிவுரையாளரும் அப்பதவியை நாடும் இறுதியாண்டு மாணவரும் அதன் விளிம்பிலேயே நிற்கின்றனர். நுண்கற்பித்தல் அமர்வை இறுதியாண்டிலேயே திறந்துவிடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு வகுப்பறையும், குறையை நயமாகச் சொல்லத் தெரிந்த மூத்த விரிவுரையாளர் ஒருவரும் போதும்.